திமிங்கலம் தோன்றும் வேளை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

தொலைபேசியை எடுக்கிறாய்; என் குரலைக் கேட்கிறாய்; ஒரு பெருமூச்சு விடுகிறாய்; வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தை உன்னால் பாதியில் வைக்க முடியாது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூடக் கடைசி வரி வரை உரக்கப் படிக்கிறவன் அல்லவா நீ!

செய்திக்கு வருகிறேன். நகர அருங்காட்சியகத்துக்குப் புதிய இணையத்தளம் ஒன்றைக் கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறேன். இணையத்தளம் என்றால் ஏதோ வானத்தில் மிதப்பது என்று ஊர் நினைக்கிறது. மிதக்கவில்லை, தம்பி! எங்கோ ஒரு கட்டடத்தில் கணினிகள் வரிசை வரிசையாக நின்று வெந்துகொண்டிருக்கின்றன. எவரோ ஒருவர் கட்டிலில் புரண்டபடி ஒரு படத்தைத் திறந்தால், அங்கே அவை மின்சாரம் குடிக்கின்றன. அந்த மின்சாரம் காற்றாலையிலிருந்து வந்தால் கேடில்லை. நிலக்கரியிலிருந்து வந்தால் அந்தப் படத்துக்கும் ஒரு புகைபோக்கி உண்டு.

ஆதலால் என் தளம் வேளை அறிந்து நடக்கும். காற்றும் வெயிலும் மிகுந்திருந்தால், அருங்காட்சியகக் கூரையில் தொங்கும் திமிங்கல எலும்புக்கூடு திரை முழுதும் விரியும். நிலக்கரி மிகுந்தால் படங்கள் அனைத்தும் விலகும். சொற்கள் மட்டும் நிற்கும். இதற்கு ஒன்றே ஒன்றுதான் குறை. எந்த நொடியில் எது மிகுந்திருக்கிறது என்பது, நாட்டின் மின்சாரம் முழுவதையும் கண்காணிக்கும் உன் மின்தொகுப்புக் கட்டுப்பாட்டு அறையின் சுவர்த்திரைக்கு மட்டுமே தெரியும். அந்த எண்கள் எனக்கு வேண்டும். அந்தந்த நொடியே வேண்டும்.

திறப்பு விழா ஏப்ரல் தொடக்கத்தில். அதற்குள் தளம் சொன்னபடி நடக்காவிட்டால், இயக்குநர் அம்மையார் வேலையை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவார். அவர்கள் திமிங்கலத்தைச் சுழல விடுகிறார்களாம், பின்னணி இசையோடு!

மின்தரவைப் பொதுவில் திறப்பது குறித்து உங்கள் அலுவலகம் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் பேசியதுதான் உன் சினத்துக்குக் காரணம் என்றால், அங்கே நான் தாக்கியது கொள்கையை, ஆளை அன்று.

உன் அக்கா

மார்ச் 8

மதிப்பிற்குரிய இணையத்தள அமைப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கடைசி வரி வரை படித்தேன்.

ஆளை அன்று என்கிறீர்கள். மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். மண்டபம் நிறைந்த கூட்டம். மேடையில் எங்கள் தலைமைப் பொறியாளருக்கு அருகில் அடியேன். ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டு தாங்கள் முழங்கியது இது: "மேடையில இருக்கிற ஒருத்தர்கிட்ட, சின்ன வயசுல, 'வெளியில மழை பெய்யுதாடா'ன்னு கேட்டா, 'எழுதிக் குடு, பார்த்துச் சொல்றேன்'ம்பாரு. அவரை உக்கார வச்சிருக்கிற ஆபீசு தரவைத் திறக்குமா? நீங்களே சொல்லுங்க!"

மண்டபம் சிரித்தது. தலைமைப் பொறியாளர் சிரித்தார். ஒலிபெருக்கிக்காரர் சிரித்த சிரிப்பில் கருவி கீச்சிட்டது. அன்று முதல் அலுவலகத்தில் என் பெயர் 'எழுதிக்குடு'. சிற்றுண்டிச் சாலையில் தேநீர் கேட்டால், "எழுதிக் குடுங்க சார், பார்த்துச் சொல்றோம்" என்கிறார்கள். சென்ற வாரம் மின்தூக்கியில் எவரென்றே அறியாத ஒருவர், "நீங்கதானே அந்த எழுதிக்குடு?" என்று அன்போடு கேட்டார்.

நிற்க. தங்கள் வேண்டுகோள் குறித்து: கட்டுப்பாட்டு அறையின் எண்கள் கம்பி வழியாகவோ கம்பியில்லா வழியாகவோ வெளியே செல்லலாகாது என்பது எங்கள் பணிவிதி. எவனாவது ஒரு கயவன் அந்த வழியாகவே உள்ளே புகுந்து நாட்டை இருளில் ஆழ்த்திவிடக் கூடாதல்லவா? ஆயினும், எழுத்தில் கேட்கும் குடிமகளுக்கு எழுத்தில் விடை தரவேண்டும் என்பதும் விதியே. விதியை நான் வளைப்பதில்லை, படிக்கிறேன். படித்ததில் காகிதத்துக்குத் தடை காணவில்லை.

ஆகவே, இவ்வரியை எழுதும் இந்நொடியில்: காற்று பாதிக்கு மேல். வெயில் கால் பங்கு. நீர் சிறிது. மீதி நிலக்கரி. அலுவலக முத்திரை கீழே.

பணிவுடன்,
பணிமுறைப் பொறியாளர்

பி.கு.: என் மனைவி இதை எட்டிப் பார்த்துவிட்டு, "சொந்த அக்காவுக்கு எழுதுற லெட்டர்ல முத்திரை குத்துற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றாள். தங்கள் தகவலுக்கு.

மார்ச் 12

தம்பி,

உன் அலுவலகத்துக்கும் என் வீட்டுக்கும் இடையே ஒரு பாலமும் இரண்டு தெருக்களும். அதைக் கடக்க உன் கடிதத்துக்கு மூன்று நாள். நான் கேட்டது நேரடித் தரவு; நீ அனுப்பியது இரங்கற் செய்தி! நீ கண்ட காற்று கடல் தாண்டிப் போய்விட்டது. நீ கண்ட வெயில் மூன்று முறை மறைந்து எழுந்துவிட்டது. முத்திரை மட்டும் ஈரம் காயாமல் ஒளிர்கிறது.

அருங்காட்சியக அறைக்கு எடுத்துப் போய் மறுபடி படித்து, கிழித்தெறியத்தான் கையை ஓங்கினேன். அந்நேரம் பார்த்து இயக்குநர் அம்மையார் அறைக்குள் வந்தார். முத்திரையைக் கண்டார். அவர் முகம் மலர்ந்ததைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. என்னிடமே இல்லை என்றால் பார்த்துக்கொள்.

"மின்தொகுப்பு ஆபீஸ்லேர்ந்தேவா? அப்ப நேரடித் தகவல் கிடைச்சிருச்சு!"

"கிடைச்சிருக்கு, ஆனா அது..."

"சீல் இருக்குல்ல? அப்புறம் என்ன ஆனா?"

மறுநாள் செய்தித்தாளில் அறிவிப்பு வந்துவிட்டது: 'நாட்டின் மின்சாரத்தோடு மூச்சுவிடும் முதல் அருங்காட்சியகத் தளம்.' இப்போது நான் பின்வாங்கினால் பொய்க்காரி ஆவேன், முன்னேறினாலும் பொய்க்காரிதான். எப்படியும் பொய்க்காரி என்றால், முத்திரையுள்ள பொய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். விழா வரையில் நாள்தோறும் எழுது. வந்ததை வந்தபடி தளத்தில் என் கையாலேயே ஏற்றுகிறேன்.

அக்கா

மார்ச் 20

அமைப்பாளர் அவர்களுக்கு: முற்பகல். வெயில் ஓங்கியது. நிலக்கரி அடங்கியது. முத்திரை கீழே.

மார்ச் 24

அமைப்பாளர் அவர்களுக்கு: மாலை. வெயில் சாய்ந்தது. வீடுதோறும் விளக்கு, அடுப்பு, துணி துவைக்கும் எந்திரம். நிலக்கரி எழுந்தது. நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. முத்திரை கீழே.

மார்ச் 28

தம்பி: எண்களை மட்டும் எழுது. உன் நாற்காலியை ஏற்றத் தளத்தில் இடமில்லை.

ஏப்ரல் 1

அமைப்பாளர் அவர்களுக்கு: காற்று அறவே இல்லை. காற்றாலைகள் ஓவியம்போல் நிற்கின்றன. நிலக்கரி உச்சத்தில். முத்திரை கீழே.

ஏப்ரல் 5

தம்பி,

நேற்று விழா. நேற்றுக் காலைதான் உன் ஏப்ரல் முதல் நாள் கடிதம் வந்தது. அதை ஏற்றிவிட்டு, புதுப் புடவை உடுத்தி, தலைநிமிர்ந்து போனேன்.

போகும் வழியிலேயே என் குடை என்னிடமிருந்து விடைபெற்றது. அருங்காட்சியக வாயிலில் கட்டியிருந்த வரவேற்புத் துணி கிழிந்து பறந்து எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை மூடிக்கொண்டது. மண்டபத்தின் கதவு தானே திறந்தது, தானே மூடியது, பேச எழுந்த விழாத் தலைவரின் தாள்களை அள்ளிக்கொண்டு போயிற்று. அப்படி ஒரு காற்று! அந்தக் காற்றின் நடுவே பெருந்திரையில் என் தளம் விரிந்தது. படமில்லை. திமிங்கலமில்லை. இரண்டே வரி: 'இப்போது காற்று இல்லை. நிலக்கரி மிகுந்திருப்பதால் திமிங்கலத்தைக் காட்ட இயலவில்லை.'

முதல் வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் தொப்பியை இரு கையாலும் அழுத்திப் பிடித்தபடி எழுந்தார். "அம்மா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. காத்து இல்லைன்னா போட்டிருக்கு?"

அதன் பிறகு எழுந்த சிரிப்பை நான் விவரிக்கப் போவதில்லை. நான் மூட்டிய சிரிப்புகளையே இதுவரை கேட்டிருக்கிறேன். என்மேல் விழுந்த சிரிப்பு எப்படி இருக்கும் என்று நேற்றுதான் அறிந்தேன். கொஞ்சம் சுடுகிறது. உன் மின்தூக்கி மனிதர் என் நினைவுக்கு வந்தார்.

செய்தியாளர் கேட்டார்: "இந்தத் தகவல் எங்கேர்ந்து வருது?" நான் முத்திரையைக் காட்டிவிட்டேன். வேறென்ன செய்வது? இயக்குநர் இம்மாத முடிவு வரை கெடு வைத்திருக்கிறார். அதன் பிறகு, சுழலும் திமிங்கலம்.

உனக்குத் தீங்கு ஏதும் வந்துவிடாதே?

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

வந்தது. கேள்.

தலைமைப் பொறியாளர் அழைத்தார். மேசைமேல் செய்தித்தாள் விரிந்து கிடந்தது. எதிரில் நான்.

"என்னய்யா இது? வருசத்துலயே பெரிய காத்து அன்னிக்குத்தான் அடிச்சிருக்கு. நம்ம சீலைப் போட்டு 'காத்து இல்லை'ன்னு ஊருக்கே காட்டியிருக்காங்க."

"எழுதும்போது இல்ல சார்."

"எப்ப எழுதினே?"

"விழாவுக்கு மூணு நாள் முன்னாடி. தபால்ல போட்டேன்."

"நிமிசத்துக்கு நிமிசம் மாறுறதைத் தபால்ல போடலாம்னு எவன் சொன்னான்?"

"விதி சொல்லுது சார். கம்பியில போகக் கூடாது. கம்பி இல்லாமலும் போகக் கூடாது. காகிதத்தைப் பத்தி எதுவும் இல்ல. எழுதிக் கேட்டா எழுதிக் குடுக்கணும்னும் இருக்கு."

விதிப் புத்தகத்தை வாங்கினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். விதி மாறவில்லை.

"எந்த அறிவாளி எழுதினது இது?"

"நீங்கதான் சார். கையெழுத்து அடியில இருக்கு."

புத்தகத்தைப் பட்டென்று மூடினார். என்னை இடைநீக்கம் செய்யப் போகிறார் என்றே எண்ணினேன்; வீட்டில் என்ன சொல்வது என்று மனத்துக்குள் சொற்களை அடுக்கத் தொடங்கிவிட்டேன். அவரோ சொன்னார்: "நம்ம பேர்ல பழைய சரக்கு ஊர்ல ஓடுறதுக்கு, நாமளே புதுசைத் திறந்துவிட்டுடலாம். எண்ணு வெளியில போகட்டும். வெளியிலேர்ந்து ஒரு தூசி உள்ள வரக் கூடாது. ஒருவழிப் பாதை. நீயே உக்காந்து விதியை மாத்தி எழுது."

எழுதினேன். முன்னுரையும் மேற்கோளுமாக நான்கு பக்கம். அவர் ஒரே ஒரு வாக்கியத்தை விட்டு மற்றதை அடித்தார். அந்த வாக்கியம் போதுமாயிற்று. வரும் திங்கள் முதல் எண்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பொதுவில் வரும். உனக்கும், உன் போட்டியாளருக்கும், வேண்டும் எவருக்கும். இணைப்பு முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். முத்திரை இல்லை.

நீ மேடை மேடையாக முழங்கியும் அசையாத கதவு, அஞ்சல்காரர் மெல்ல நடந்ததில் திறந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க எவ்வளவோ முயன்றேன்.

தம்பி

ஏப்ரல் 26

தம்பி,

வருகிறது! உன் எண்கள் என் திரையில் ஓடி வருகின்றன. காற்று ஏறினால் திமிங்கலம் எழுகிறது. காற்று விழுந்தால் திமிங்கலம் அமிழ்கிறது. முதல் நாள் முழுதும் சோற்றை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அழுகைக்கு வருகிறேன். அருங்காட்சியகத் தளத்துக்கு மக்கள் வரும் நேரம் எது? மாலை. பள்ளி விட்டு, பணி விட்டு, காலை நீட்டி அமர்ந்த பிறகு. உன் நிலக்கரி ஓங்கும் நேரம் எது? அதே மாலை! வருகிறவர்கள் கண்ணில் ஒரு நாளும் திமிங்கலம் படுவதில்லை. பட்டப்பகலில் ஆளில்லாத வேளையில் அது தன்னந்தனியாக நீந்திக்கொண்டிருக்கிறது.

இயக்குநர் நேற்று என் மேசைக்கே வந்துவிட்டார். "பொய் சொன்னப்பவும் திமிங்கலம் தெரியல. உண்மை சொல்றப்பவும் தெரியல. எனக்கு எதுக்குங்க இந்த வெப்சைட்டு?"

கெடுவுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது; ஆகவே இதை அஞ்சலில் போடாமல் ஆள்வழி கொடுத்தனுப்புகிறேன். இரண்டு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று: நிலக்கரி இவ்வளவு ஏறினால் படத்தை மறை என்று வைத்திருக்கும் எல்லையைச் சற்றே தளர்த்திவிடுவது. எவருக்கும் தெரியாது. மற்றொன்று: நீ கொஞ்சம் காற்றை மாலைக்கென ஒதுக்கி வைப்பது. சிரிக்காதே. இதைக் கேட்க எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டுவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

இதை என் மனைவியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். அஞ்சலை நம்பி ஒருமுறை கெட்டது போதும்.

காற்றுக்கு நான் மேலதிகாரி அல்லன். அது விடுப்புக் கேட்பதில்லை. வரும்போது கையெழுத்தும் போடுவதில்லை.

எல்லையைத் தளர்த்துவதா? எவருக்கும் தெரியாது என்கிறாய். எனக்குத் தெரியுமே! என் எண்கள் ஒன்று சொல்ல, உன் தளம் வேறொன்று சொல்ல, நான் அதை வீட்டில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கவா? 'உண்மையைத் திறந்து விடுங்கள்' என்று நீ கேட்டபோது உன் குரல் மண்டபத்தின் கடைசி வரிசை வரை வந்தது. அன்று நான் உன்மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீ சொன்னது சரி என்று அப்போதே தெரியும். அதுதான் கூடுதலாகக் கொதித்தது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. காற்றை நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் எப்போது வரும் என்று நாங்கள் முன்னதாகவே கணிக்கிறோம். கணிக்காவிட்டால் நாடு இருண்டுவிடும். நாளைய காற்று, நாளைய வெயில், மணிவாரியாக எங்களிடம் உண்டு. நீ அதைக் கேட்கவில்லை. எவரும் கேட்கவில்லை. இன்று காலை நானே தலைமைப் பொறியாளரிடம் போய், அதையும் வெளியிடலாமே என்றேன். "யாராவது எழுதிக் கேட்டாங்களா?" என்றார். "இல்ல சார், கேக்கணும்னு என்ன இருக்கு?" என்றேன். என்னை உற்றுப் பார்த்து, "உடம்பு சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஒப்பமிட்டார்.

திமிங்கலம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. எப்போது வரும் என்று சொல்.

தம்பி

மே 14

தம்பி,

உன் மனைவி கொண்டுவந்த கடிதத்தை வாயிற்படியில் நின்றபடியே படித்தேன். அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல், "சீக்கிரம் படிங்க அண்ணி, பதில் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காரு" என்று நின்றாள். பதில் எழுத நேரமில்லை. நேரே கணினிக்கு ஓடினேன். பதில் இதுதான்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கையில் தளத்தின் முகப்பில் இப்படி எழுதினேன்: 'இப்போது நிலக்கரி மின்சாரம் ஓடுகிறது. திமிங்கலம் நாளை முற்பகலில் தோன்றும். அதுவரை பொறுக்க இயலாதவர்கள் நேரில் வரலாம். கூரையில் எப்போதும் இருக்கிறது.'

இயக்குநர் படித்தார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் முற்பகல், திமிங்கலம் தோன்றும் வேளை பார்த்துத் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். ஒரு பள்ளி வகுப்பே பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்ததாம். அது எழுந்ததும் கைதட்டினார்களாம், எலும்புக்கூட்டுக்கு! அது மட்டுமா? அன்று மாலை அருங்காட்சியக வாயிலில் வரிசை. சீட்டுக் கொடுப்பவர் எழுந்து நின்று பார்க்கிறார். வரிசை எதிர்க்கடை வரை நீள்கிறது. பொறுக்க இயலாதவர்கள், தம்பி, பொறுக்க இயலாதவர்கள்! இத்தனை பேர் இந்த நகரத்தில் இருக்கிறார்கள் என்று நான் அறிந்ததில்லை.

ஒப்பந்தம் நீடிக்கப்பட்டுவிட்டது. சுழலும் திமிங்கலக்காரர்கள் வேறு விலங்கு தேடிப் போய்விட்டார்கள்.

நேற்று இயக்குநர் வந்தார். என் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்க தம்பி அந்த ஆபீஸ்லதானே இருக்காரு?"

"ஆமா."

"சனி ஞாயிறு மட்டும் காத்து வேணாம்னு அவர்கிட்டச் சொல்ல முடியுமா? நேர்ல நல்ல கூட்டம் வருது."

எழுதிக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று விடையளித்தேன். உண்மையாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். இத்துடன் இணைத்துள்ளேன்.

தொலைபேசியில் அழைக்கலாமா என்ற எண்ணம் கைவரை வந்தது. பெருமூச்சுக்குப் பயந்து எழுதுகிறேன்.

அக்கா

மே 18

அக்கா,

இயக்குநரின் வேண்டுகோள் கிடைத்தது. தலைமைப் பொறியாளர் அதைக் கட்டுப்பாட்டு அறையின் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டார். பணிமுறை மாறி வேறு ஆட்கள் வரும்போதெல்லாம் எல்லோரும் ஒருமுறை படித்துவிட்டுப் போகிறார்கள்.

இனி அலுவல். வரும் ஞாயிறு மாலை காற்று முற்றிலும் விழும். வெயில் சீக்கிரம் மறையும். நிலக்கரி ஓங்கும். உன் தளத்தில் திமிங்கலம் இராது. என் மனைவியோ பொறுக்க இயலாதவள். ஆகவே நாங்கள் இருவரும் நேரில் வருகிறோம். வரிசையில் நிற்க வைக்காதே. வாயிலில் வந்து நில்.

இந்தக் கணிப்பு நாளைக் காலைதான் பொதுவில் வெளியாகும். உனக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்; அதனால்தான் இதையும் என் மனைவியின் கையில் இன்றே கொடுத்தனுப்புகிறேன். விதியைப் புரட்டிப் பார்த்தேன். இதற்கு இடமே இல்லை. எவரிடமும் சொல்லிவிடாதே.

தம்பி